பழைய காரின் பெட்ரோல் டேங்க்: துரு எடுப்பதும் எடுத்தபின் காப்பதும்

அம்பாசிடரோ பத்மினியோ, சாவி திருகியதும் ஸ்டார்ட் ஆகும். ஐடிலிங்கில் சீராக நிற்கும். தக்கலை தாண்டி ஒரு ஏற்றத்தில் கால் அழுத்தினால் மட்டும் மூச்சு முட்டி நின்றுவிடும். ஓரமாகப் பத்து நிமிடம் போட்டுவிட்டு எடுத்தால் மறுபடி ஓடும். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினால் ஒரு வாரம் ஒழுங்காக இருக்கும், பிறகு பழையபடி. இப்படி நடக்கிற வண்டியில் கார்பரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழுவிப் பயனில்லை. குப்பை வந்து சேரும் இடம்தான் அது. கிளம்பும் இடம் பின்னால், டேங்கில் இருக்கிறது.

டேங்கை இறக்கும் முன் இரண்டு சோதனைகள். நின்ற வண்டியில் முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி ஓடத் தொடங்கினால் மூடியில் இருக்கும் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பம்ப் பெட்ரோலை இழுக்க இழுக்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்துக்குப் பின் இழுக்க முடியாமல் போகிறது. மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட்டால் வேலை முடிந்தது. அது இல்லையென்றால், பெட்ரோல் பம்பின் மேலிருக்கும் கிண்ணத்தைத் திறந்து அடியில் தங்கியிருப்பதைப் பாருங்கள். செம்பழுப்புப் பொடி என்றால் துரு. பிசுபிசுப்பான தேன்நிறக் கறை என்றால் பழைய பெட்ரோல் கெட்டு உறைந்த பிசின். அடியில் உருண்டு ஓடும் தெளிந்த முத்துகள் தண்ணீர். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பாதி காலியான டேங்க் பகலில் சூடேறிக் காற்றை வெளியே தள்ளும், இரவில் குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். குளச்சலிலும் முட்டத்திலும் அந்தக் காற்றில் ஈரத்தோடு உப்பும் இருக்கிறது. ஈரம் டேங்கின் மேல்தகட்டு உட்புறத்தில் வியர்த்து, வழிந்து, பெட்ரோலுக்கு அடியில் போய்த் தங்குகிறது. அதனால்தான் துரு இரண்டு இடங்களில் அதிகம்: மேல்தகட்டின் உட்பக்கமும் அடித்தகடும். எப்போதும் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் நடுப்பகுதி பல நேரம் புதுத்தகடு மாதிரி பளிச்சென்று இருக்கும்.

இப்போது இதோடு எத்தனாலும் சேர்ந்துகொண்டது. பங்க் பெட்ரோலில் எத்தனால் 2022-ல் பத்து சதவீதத்தை எட்டியது, 2025-ல் இருபது. எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கும். அந்த அடுக்கு வெறும் தண்ணீரைவிடத் தகட்டை வேகமாக அரிக்கும். டேங்கிலிருந்து உறிஞ்சும் குழாயின் வாயும் சரியாக அங்கேதான் இருக்கிறது. மாதம் இரண்டு முறை மட்டும் ஓடும் வண்டிகளுக்கு இதுவே பெரிய பகை. அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. பெரும்பாலான பழைய வண்டிகள் இந்த எரிபொருளை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல.

டேங்கை இறக்குவது கடினமான வேலை இல்லை. ஆனால் உயிர் போகிற வேலை அதுதான். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். அம்பாசிடரின் 54 லிட்டர் டேங்கில் ஒரு தேக்கரண்டி பெட்ரோல் மிஞ்சி ஆவியானாலே அந்த அளவு வந்துவிடும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம்; தரையோடு தவழ்ந்து போய்த் தூரத்து அடுப்பில் பற்றும். எனவே கார் ஷெட்டில் வேண்டாம், கிணற்று மோட்டார் அருகில் வேண்டாம், பள்ளத்தில் வேண்டாம். திறந்த முற்றத்தில், காற்று வரும் பக்கமாக நின்று செய்யுங்கள்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். பெட்ரோலைக் கைப்பம்பால் உலோகக் கேனுக்கு மாற்றுங்கள், வாயால் உறிஞ்ச வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் பிடித்தால் நிலைமின்சாரம் சேரும். உலோகக் கேனையும் டேங்கையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்துவிடுவது நல்லது. டேங்கின் அடியில் வடிகால் போல்ட் இருந்தால் மிச்சத்தை அதன் வழியே இறக்குங்கள். தாங்கும் பட்டைகளின் போல்ட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி வைக்கவும். இளகவில்லை என்றால் எண்ணெய் விட்டு ஹாக்ஸா பிளேடால் மெதுவாக அறுக்கலாம். கிரைண்டரைக் கையில் எடுப்பவரை அந்த இடத்தை விட்டே அனுப்பிவிடுங்கள். பெட்ரோல் அளவைக் காட்டும் கேஜ் யூனிட்டின் வளையத்தைத் திருப்ப இரும்பு உளி கூடாது. பித்தளைத் துண்டு வைத்துத் தட்டினால் பொறி வராது. ஒயர்களில் எது கேஜுக்கு, எது எர்த்துக்கு என்று நிறத்துணி கட்டி வையுங்கள்.

கழற்றிய டேங்கை ஒரு சாதாரண ஸ்க்ரூடிரைவர் பிடியால் அடித்தகடு முழுக்கத் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று கேட்டால் தகடு நலம். மந்தமாகக் கேட்கும் இடத்தில் கூர்முனையால் கொஞ்சம் அழுத்துங்கள். உள்ளே போனால் சுத்தம் செய்வதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்; தகடு மாற்றுவதா, புது டேங்க் கட்டுவதா என்பதே முதல் கேள்வி. பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே வைத்த கம்பளித் துண்டு மழைநீரைப் பிடித்து வைத்திருக்கும் இடத்தில்தான் வெளியிலிருந்து ஓட்டை விழும். அங்கே தனியாகப் பாருங்கள்.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். பிசின் முதலில், துரு பிறகு. பிசின் மூடிய துருமேல் எந்த அமிலமும் வேலை செய்யாது. வெந்நீரில் சலவைத்தூள் கரைத்து நிரப்பி, ஒரு இரவு வைத்து, வடித்து, மறுபடி நிரப்புங்கள். பெட்ரோல் வாடை போகும்வரை இதைத் திருப்பிச் செய்யலாம். உறைந்த பிசினுக்கு அசிட்டோன் அல்லது என்.சி. தின்னர் (பெயின்ட் கரைக்கும் திரவம்) இரண்டு லிட்டர் விட்டு, வாயை அடைத்து, அரைமணிக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். இவையும் பெட்ரோல் போலவே பற்றும் சரக்குகள். முன்சொன்ன எச்சரிக்கை இங்கேயும் உண்டு. வேலை முடிந்ததும் மறுபடி சோப்புத்தண்ணீர்.

கட்டியான துருவை உதிர்க்க உள்ளே ஏதாவது போட்டுக் குலுக்குவது வழக்கம். நட்டு போல்ட் போட்டால் எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். பெட்ரோல் அலையாமலிருக்க டேங்குக்குள் வைத்த தடுப்புத்தகடுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஒரு நட்டு வண்டி ஓடும் காலமெல்லாம் கடகடக்கும். ஒன்றரை மீட்டர் மெல்லிய சங்கிலி இதைவிட நல்லது, ஒரு முனையை வெளியே கம்பியில் கட்டிவைத்தால் இழுத்து எடுத்துவிடலாம். கடற்கரை மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். மணவாளக்குறிச்சி மணலில் கார்னெட் என்ற கடினமான கனிமம் இருக்கிறது, துரு நீக்கும் மணல்வீச்சுக்குப் பயன்படும் சரக்குதானே என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அங்குள்ள அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். ஆலை பிரித்தெடுத்து விற்கும் கார்னெட் வேறு, அலை ஒதுக்கிய மணல் வேறு. பின்னதில் உப்பு இருக்கிறது, உறிஞ்சு குழாயின் வலையை அடைக்கும் நுண்பொடி இருக்கிறது, தோரியம் கொண்ட மோனசைட்டும் இருக்கிறது.

துரு எடுக்க ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். குளியலறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பத்து நிமிடத்தில் துருவைத் தின்னும், அடுத்த பத்து நிமிடத்தில் தகட்டையும் ஈயப் பற்றையும் தின்னும். அது விட்டுப்போகும் குளோரைடு மடிப்புகளுக்குள் தங்கி ஒரு மாதத்தில் புதுத் துருவைக் கிளப்பும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் உறையவைக்கிற ஃபார்மிக் அமிலம் எந்தக் கடையிலும் கிடைக்கிறது என்பதால் அதை ஊற்றிப் பார்க்கிறவர்களும் உண்டு. அதுவும் நல்ல தகட்டை அரிக்கும், புகை நுரையீரலைச் சுடும். ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையோடு அது நிற்கட்டும்.

மின்பகுப்பு நல்ல முறைதான். லிட்டருக்குப் பத்துப் பதினைந்து கிராம் சலவை சோடா கரைத்த நீரை நிரப்பி, டேங்கை 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவிலும், டேங்கைத் தொடாமல் உள்ளே தொங்கும் இரும்புக் கம்பியைப் பாசிட்டிவிலும் இணைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் கம்பி தொங்கவிட்டால் நஞ்சான குரோமியம் நீரில் கலக்கும். ஆனால் உள்ளே தடுப்புகள் உள்ள கார் டேங்கில் கம்பிக்கு எதிரே உள்ள தகடு மட்டும் சுத்தமாகும், மறைவில் இருப்பது அப்படியே நிற்கும். தவிர ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் குமிழியிட்டு வரும். தடுப்பில்லாத பைக் டேங்குக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

காருக்கு எங்கள் தேர்வு சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். கிலோ கணக்கில் வேண்டுமென்றால் ரசாயனக் கடைக்குப் போக வேண்டும். வெறும் சிட்ரிக் கரைசலைவிட, அதில் சோடா சேர்த்துச் சாந்தப்படுத்திய கரைசல் நல்லது. அது துருவைப் பிடித்துக் கரைக்கும், வெறுந்தகட்டை அதிகம் தொடாது. அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம், 40 கிராம் சோடா ஆஷ் பொடி, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. கண்ணாடிக் கற்கள் போலிருக்கும் சலவை சோடா என்றால் அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர், ஆகவே 100 கிராமுக்குக் கொஞ்சம் மேலேயே தேவைப்படும். அம்பாசிடர் டேங்குக்கு 50 லிட்டர் கணக்கில் 5 கிலோ சிட்ரிக்கும் 2 கிலோ சோடா ஆஷும். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் முதலில் சிட்ரிக்கைக் கரைத்து, சோடாவைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் பொங்கி வெளியே வரும். டேங்குக்குள் கலக்கவே கூடாது.

செலவைக் குறைக்கப் பத்து லிட்டர் மட்டும் ஊற்றிப் புரட்டிப் புரட்டிப் போடலாம்தான். ஆனால் கரைசலும் காற்றும் சந்திக்கும் கோட்டில் அரிப்பு வரி விழும். முழுதாக நிரப்புவதே சரி. உறிஞ்சு குழாயையும் கேஜ் துளையையும் ரப்பர் அடைப்பான் வைத்து மூடுங்கள், மேல்வாயை மட்டும் திறந்தே விடுங்கள்; வாயு வெளியேற வேண்டும். நம்மூர்ச் சூட்டில் 24 மணி நேரம் போதும், தடித்த துருவுக்கு 48. இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு சாம்பல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பழைய டேங்குகள் பலவற்றின் தகட்டில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு உண்டு. கழிவுநீரில் அந்த ஈயமும் கொஞ்சம் இறங்கியிருக்கும். தென்னைமூட்டிலோ வாழைத்தடத்திலோ குளத்திலோ ஊற்ற வேண்டாம். டிரம்மில் மூடி வைத்தால் அடுத்த டேங்குக்கும் உதவும்.

இனிதான் இந்த வேலையில் பெரும்பாலோர் தோற்கும் இடம். துரு எடுத்த இரும்பு அம்மணமாக நிற்கிறது. கரைசலை வடித்த நிமிடத்திலிருந்து, கண் முன்னாலேயே, அதன்மேல் ஆரஞ்சு நிறப் புழுதி படரத் தொடங்கும். ஒரு மணி நேரம் ஈரமாக விட்டால் இரண்டு நாள் உழைப்பு வீண். ஆகவே வடிக்கும் முன்பே அடுத்த ஐந்து பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்: வெந்நீர், சோடா, காற்று, 2டி எண்ணெய் (டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பெட்ரோலில் கலக்கும் எண்ணெய்), பெட்ரோல்.

தண்ணீரைப் பற்றி முதலில். ராஜாக்கமங்கலம், குளச்சல் போன்ற கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாக இருக்கும். அதில் கடைசிக் கழுவல் செய்தால் உப்பை நாமே உள்ளே தடவி மூடுகிறோம். குழாயில் வரும் ஆற்றுநீர் அல்லது பிடித்து வைத்த மழைநீர் எடுங்கள். அதைக் கை பொறுக்காத சூட்டுக்குக் காய்ச்சி, லிட்டருக்கு 10 கிராம் சோடா ஆஷ் கரைத்து, பத்துப் பதினைந்து லிட்டராக இரண்டு முறை ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டி வடியுங்கள். சோடா மிச்ச அமிலத்தைக் கொல்கிறது, காரத்தன்மை புதுத் துருவைத் தள்ளிப்போடுகிறது, சூடேறிய தகடு தன் ஈரத்தைத் தானே விரட்டுகிறது. மூன்றாவதாக ஒரு தடவை வெறும் வெந்நீர், வெள்ளைப் பொடி படியாமலிருக்க.

உடனே காற்று. புளோயரையோ ஹேர் டிரையரையோ கேஜ் துளையில் வைத்து, மேல்வாய் வழியாக ஈரக்காற்று வெளியேறும்படி ஒரு மணி நேரம் ஊதுங்கள். கம்ப்ரஸர் காற்று என்றால் முதலில் அதன் தொட்டியில் தேங்கிய நீரைத் திறந்து விடுங்கள். மழைக்காலத்தில் காற்றோடு தண்ணீரையும் சேர்த்தே துப்பும். ஈரத்தை வாங்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ அசிட்டோனோ ஊற்றி அலசுவது வேறொரு வழி. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ஆல்கஹால் அலசிய டேங்கில் சூடான கம்பியுள்ள டிரையரை வைத்தால் அது வெடிகுண்டு.

எப்போது செய்வது என்பதும் இதில் அடக்கம். தையும் மாசியும் நல்ல மாதங்கள்: மழை இல்லை, காற்றில் ஈரம் குறைவு. துவைத்த துணியே காயாத ஆனி, ஆடியில் மார்த்தாண்டத்தில் டேங்க் உலர்த்துவது வீண் பிடிவாதம். அதே மாதங்களில் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்று அடித்துக்கொண்டிருக்கும், மழையும் மேற்கைவிடக் குறைவு. அங்கே உள்ளவர்கள் துணிந்து செய்யலாம்.

உலர்ந்ததும் இரண்டு லிட்டர் பெட்ரோலில் 200 மில்லி 2டி எண்ணெய் கலந்து ஊற்றி, ஆறு பக்கமும் நனையப் புரட்டுங்கள். அன்றே பொருத்தி வழிய வழியப் பெட்ரோல் நிரப்புவதாக இருந்தால் வேறு பூச்சு வேண்டாம்.

ஒழுகல் சோதனையை இந்த எண்ணெய்க்கு முன், டேங்க் பெட்ரோல் வாடையே இல்லாமல் இருக்கும்போது முடித்துவிட வேண்டும். எல்லாத் துளையும் அடைத்து, சைக்கிள் பம்பால் 2 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புநுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் போகாதீர்கள். மூன்று சதுர அடித் தகட்டில் 10 பி.எஸ்.ஐ. என்றால் ஏறக்குறைய இரண்டு டன் தள்ளுகிறது. கம்ப்ரஸர் வைத்த டேங்குகள் பலாப்பழம் போல உப்பி நிற்பது அதனால்தான்.

ஊசித்துளைக்கு ஈயப் பற்று போதும். ரேடியேட்டர் பட்டறைக்காரர் கையே இதற்குப் பழகிய கை. தீயை டேங்கருகே கொண்டுவராமல், தள்ளிச் சூடேற்றிய கனத்த செம்புக் கட்டையால் பற்றவைக்க வேண்டும். பற்றும் இடம் மட்டும் காற்றில் இருக்க, மற்றதெல்லாம் தண்ணீரால் நிரம்பியிருக்கட்டும். பற்றவைக்கப் பூசிய அமிலத்தை மறக்காமல் கழுவுங்கள். கேஸ் வெல்டிங் செய்தே தீரவேண்டிய பெரிய ஓட்டை என்றால், டேங்குகளுக்கே வெல்டிங் வைத்துப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள். டீசல் அம்பாசிடர் டேங்க்தானே, பற்றாது என்பது தப்புக் கணக்கு. வெல்டிங் சூட்டில் டீசலும் ஆவியாகி வெடிக்கும். நடுவழியில் கசிந்தால் துணி துவைக்கும் சோப்பைத் தேய்த்து அடைக்கும் பழைய வித்தை உண்மையிலேயே வேலை செய்கிறது, பெட்ரோலில் சோப்பு கரையாது. வீடு வந்து சேர மட்டும்.

உள்ளே பூசும் சீலர் பற்றி எங்கள் கருத்து கொஞ்சம் கடுமையானது. நல்ல தகடு உள்ள டேங்குக்கு அது தேவையில்லை. சல்லடையாய்ப் போன தகட்டை அது காப்பாற்றாது. இரண்டுக்கும் இடைப்பட்ட, குழிகள் விழுந்த ஆனால் ஓட்டையாகாத டேங்குக்கு மட்டும் பூசலாம். எத்தனால் தாங்கும் நோவொலாக் எபாக்ஸி வகையை மட்டும் வாங்குங்கள். பழைய வகைப் பூச்சுகள் இன்றைய பெட்ரோலில் இளகி, தாள் தாளாக உரிந்து, உறிஞ்சு குழாயை அடைக்கும். பிறகு அதைச் சுரண்டி எடுப்பது துரு எடுப்பதைவிடப் பல மடங்கு பாடு. பூசும் முன் தகடு கொஞ்சம் சொரசொரப்பாக வேண்டும். ஒரு பங்கு 85 சதவீதப் பாஸ்பாரிக் அமிலத்தை ஆறு பங்கு தண்ணீரில் ஊற்றி (அமிலத்தைத் தண்ணீரில், மாற்றி அல்ல) அரைமணி அலசினால் கிடைக்கும் மங்கிய சாம்பல் பரப்பு நன்றாகப் பிடிக்கும். இந்தத் தடவை 2டி எண்ணெய் கிடையாது. சீலரை ஊற்றி மெதுவாகப் புரட்டி, மிச்சத்தை முழுதும் வடித்துவிடுங்கள். அடியில் குளமாகத் தேங்கியது உள்ளே காயாது. உறிஞ்சு குழாயில் கிரீஸ் தடவிய கம்பியைச் செருகி வைத்து, இறுகும் முன் உருவுங்கள். டப்பாவில் போட்ட நாட்களுக்குக் குறையாமல் காயவிடுங்கள். மழைமாதத்தில் இதைத் தொட வேண்டாம்.

டேங்க் புதிதானது போதாது, ஹோஸும் மாற வேண்டும். ரப்பர் விளைகிற மாவட்டம் என்று பெயர், ஆனால் மரத்துப் பாலில் செய்த ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். சாதாரண நைட்ரைல் ஹோஸும் இருபது சதவீத எத்தனாலில் சில வருடத்தில் வெடிப்பு விடும். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் கேட்டு வாங்குங்கள், அதன் உட்சுவர் புளோரோ ரப்பர். பம்பின் டயாஃப்ரமும் பழையதென்றால் அதையும் சேர்த்து மாற்றிவிடலாம். பட்டைக்கு அடியில் கம்பளிக்குப் பதில் ரப்பர் பட்டி வையுங்கள்; பெட்ரோல் படாத இடம், அங்கே ஊர் ரப்பரே போதும்.

கேஜ் யூனிட்டின் மிதவை பித்தளை என்றால் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். உள்ளே போன பெட்ரோலை முழுதும் வெளியேற்றிய பிறகே ஈயம் வைக்க வேண்டும். கார்க் மிதவை என்றால் அதன் அரக்குப் பூச்சை எத்தனால் கரைத்துவிடும், மாற்றிவிடுவது நல்லது. பேக்கிங் புதிதாக வையுங்கள். டேங்குக்கு வெளியே தடிமனாகப் பெயின்ட் அடித்திருந்தால் கேஜ் யூனிட்டின் எர்த் அறுந்துபோய் முள் தாறுமாறாகக் காட்டும். ஒரு ஸ்க்ரூவின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டித் தனி எர்த் ஒயர் கொடுங்கள்.

பம்புக்கு முன்னால் உள்ளே தெரியும் ஃபில்டர் ஒன்று போட்டு, 50 கிலோமீட்டரிலும் 200 கிலோமீட்டரிலும் பாருங்கள். கொஞ்சம் பழுப்புப் பொடி வரும், அது கவலையில்லை. 500-க்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தால் உலர்த்திய அன்று ஈரம் எங்கோ மிஞ்சியிருக்கிறது. முதல் நிரப்பலின்போது ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியில் 'கால் டேங்க்' என்று முள் காட்டுவது பல நேரம் ஐந்து லிட்டர்தான்.